வாசலுக்குள்ள நுழையிற கார்டு

பஞ்சவர்ணம் மதினியோட கிரெடிட் கார்டு முதல் தடவை வளர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில, அரிசி டிரம்முக்குள்ள, மதினி பாசிப்பருப்பு வறுத்துக்கிட்டிருந்த நேரத்துல. டிரம்மு மூடி தானா எந்திரிச்சு ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு, என்னடா இதுன்னு மதினி போய்ப் பார்த்தா, நேத்து வரைக்கும் ரேஷன் கார்டுக்குப் பக்கத்துல ஒடுங்கிக் கிடந்த அந்தக் கார்டு சப்பாத்திப் பலகை அகலத்துக்கு அரிசிக்கு மேல நெஞ்சை நிமித்திக்கிட்டுக் கிடக்கு. ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, போனை எடுத்துப் பார்த்தா, நீங்க சம்மதிச்சபடி முப்பதாயிரமா இருந்த லிமிட்டை அறுபதாயிரமா உயர்த்தியாச்சுன்னு பேங்க்ல இருந்து மெசேஜ். "அதானா"ன்னு சொல்லிட்டு மதினி திரும்பவும் கரண்டியைக் கையில எடுத்துச்சு. பருப்பு கருகலை.

நான் ஒச்சப்பன். திருமங்கலம் சுத்துப்பட்டுல காதுகுத்து, கல்யாணம், சடங்கு எதுன்னாலும் மைக்செட் என்னுதுதான், மொய் வாசிக்கிற வாயும் என்னுதுதான், அதனால எந்த விசயத்தையும் சத்தமாவும் வரிசையாவும் சொல்லித்தான் பழக்கம், நடுவுல கொஞ்சம் இழுத்துப் பேசினா பொறுத்துக்கங்க. இதுல ஒரு இடத்துல நான் செஞ்ச காரியம் எனக்கே பிடிக்காத காரியம். அதையும் மறைக்காமச் சொல்லிடுறேன், எங்க வடக்குச் சந்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதான் அது.

கார்டு வளர்ந்ததைப் பார்க்க அன்னைக்குச் சாயங்காலமே சந்து கூடிருச்சு. யாரும் ஆ-ன்னு வாயைப் பொளக்கலை. தையல்கார ராஜாமணி நாடாவைப் போட்டு அளந்துட்டு இதுக்கு உறை தைக்கக் கால் மீட்டர் துணி போதும்னாரு, பால்காரச் சின்னக்காளை இதுல கரையான் ஏறுமான்னு கேட்டாரு, முனியம்மா அக்கா "வளர்ற புள்ளைக்குக் கண்ணு படும்"னு ஒரு மூலையில கருப்புப் பொட்டு வச்சுச்சு, லோடு ஆட்டோ ஓட்டுற மதினி வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி அண்ணன் மட்டும் தன் பர்ஸை எடுத்து முன்னயும் பின்னயும் திருப்பிப் பார்த்துட்டு "இதை எங்கிட்டுத்தா வைக்க?"ன்னு கவலைப்பட்டாரு. மதினி அரிசிச் சாக்கை வெட்டி, தோள்ல மாட்டுற மாதிரி ஒரு பை தச்சுக்கிட்டு மறுநாளே மளிகைக்கடைக்குப் போச்சு. கார்டு எம்புட்டு வளர்ந்தாலும் மிஷின்ல செருகுற மூலை, அந்தத் தங்கக் கலர்ச் சில்லு இருக்கிற மூலை மட்டும் நாக்கு நீட்டின மாதிரிப் பழைய அளவுலயே இருந்துச்சு. கடைக்காரர் தனபால் அண்ணாச்சி அதைச் செருகி, நம்பரை அமுக்கச் சொல்லி, துண்டுச்சீட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டு, "பெருங்காயம் மறந்துட்டியளே"ன்னு ஞாபகப்படுத்தினாரு.

இந்த லிமிட்டு சும்மா கூடலைங்க. பதினாறு வருசம் மதினி நாகு மாஸ்டர்கிட்ட கல்யாணச் சமையலுக்குக் கூலிக்குப் போச்சு. வெங்காயம் உரிக்கிறது, காய் நறுக்கிறது, தேங்காய் துருவுறது, அண்டா கழுவுறது, இதான் வேலை. சாம்பாருக்குப் புளி எம்புட்டு, பாயசத்துக்கு வெல்லம் எம்புட்டுன்னு மாஸ்டரை விட மதினிக்குத்தான் கை நிதானம் தெரியும், ஆனா பந்தியில நல்லாயிருக்குன்னு சொன்னா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு முன்னாடி வந்து நிக்கிறது நாகு மாஸ்டர். கடைசியில ஒருநாள் மதினி தனியா வந்து, வளைகாப்பு, பேர் வைக்கிறது, வீடு பால்காய்ச்சுறதுன்னு எம்பது இலை, நூறு இலை விசேசங்களைப் பிடிச்சுச்சு. மளிகையைக் கார்டுல வாங்கும், விசேச வீட்டுல காசு வந்த அன்னைக்கே பேங்குக்குக் கட்டிரும். மாசா மாசம் பில்லுல, குறைஞ்சபட்சம் இம்புட்டுக் கட்டினாப் போதும்னு ஒரு வரி வருமே, அந்த வரியை மதினி கட்டைவிரலால மறைச்சுக்கிட்டு, மேல இருக்கிற முழுத்தொகையை மட்டும்தான் படிக்கும். பதினாலு மாசம் இப்படி.

கார்டுக்கு இன்னொரு குணமும் இருந்துச்சு, அதைக் கண்டுபிடிச்சது பழைய இரும்புக்கடைத் தராசு. லிமிட்டு கூடினா கார்டு அகலமாகுது, ஆனா கனம் கூடலை. கனம் வர்றது செலவழிச்சாத்தான். ஆயிரம் ரூவாய்க்கு ரெண்டு கிலோ, கரெக்டா. பத்தாயிரத்துக்கு மளிகை வாங்கினா இருபது கிலோ ஏறும், கட்டின நிமிசமே அப்பளம் மாதிரி ஆயிரும், பேங்க் கம்ப்யூட்டருக்குத் தெரியுறதுக்கு முன்னாடி கார்டுக்குத் தெரிஞ்சிரும். மதினி அதனால பில்லைப் பார்க்கிறதையே விட்டுருச்சு, பையைத் தோள்ல மாட்டிப் பார்த்தே எம்புட்டு பாக்கின்னு சொல்லிரும்.

இப்படி இருக்கையில, அரிசி மண்டி வீரணன் தன் மகள் கல்யாணத்துக்கு மதினியை வரச்சொன்னாரு. ஆயிரத்தைநூறு இலை. ஆத்தாடி! திருமங்கலத்துல ஒரு பொம்பளை தலைமையில அம்புட்டுப் பெரிய சமையல் நடந்ததே இல்லை.

"உன் கைப்பக்குவம் எனக்குத் தெரியும் தாயி, எங்க வீட்டு வளைகாப்புல தின்னேன்ல. ஆனா நாகு மாஸ்டர் முறைதான் என் முறை. முன்பணம் இருபதாயிரம். காய், பால், இலை, வாழைப்பழம் அதுக்குள்ள. மளிகை முச்சூடும் உங்க கைக்காசுல போடணும், மறுவீடு முடிஞ்சு மூணாம் நாள் வெத்தலை பாக்கு வச்சு மொத்தமாத் தருவேன். முடியுமா, இல்ல மாஸ்டரைக் கூப்பிடவா?"

"முடியும்ணே"ன்னு மதினி சொல்லிருச்சு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டா மளிகை மட்டும் ஒரு லட்சத்து எம்பத்தையாயிரம். சௌந்தரபாண்டி அண்ணன் தலையில கை வச்சு உட்கார்ந்துட்டாரு. மதினி உட்காரலை. பழைய சேலைக்கரையைக் கிழிச்சு, வீட்டு வாசல் நிலையோட அகலத்தை அளந்து, முடிச்சுப் போட்டு இடுப்புல செருகிக்கிட்டு, பேங்குக்குக் கிளம்பிருச்சு.

பேங்க்ல ரெஜினா மேடம், கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி மதினியோட பதினாலு மாசத்தையும் பார்த்தாங்க. "ஒரு மாசம்கூடப் பாக்கி வைக்கலையே. பழக்கம் நல்லாயிருக்கு, வரவும் காட்டுறீங்க. அஞ்சு லட்சம் வரைக்கும் கொடுக்கலாம்னு சிஸ்டம் சொல்லுது. போட்டுறவா?"

"அஞ்சு லட்சம்னா கார்டு எம்புட்டு அகலம் வரும் மேடம்?"

மேடம் மேசையில இருந்த ஒரு அட்டவணையை விரலால தடவிப் பார்த்துட்டு, "எட்டடிக்கு அஞ்சடி வரும். காத்துக் காலத்துல கயித்துல கட்டி வைக்கணும். சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்"னாங்க.

மதினி இடுப்புல இருந்த சேலைக்கரையை எடுத்து மேசையில விரிச்சுச்சு. "இது எங்க வீட்டு வாசல். மூணடி. இதுக்குள்ள நுழையிற மாதிரி ஒண்ணு கொடுங்க."

"அப்படின்னா ரெண்டு லட்சம்."

"மளிகை ஒண்ணு எம்பத்தஞ்சு. மிச்சம் பதினஞ்சு கைகாவலுக்கு. போதும் மேடம்."

"எல்லாரும் கொடுக்கிறதை வாங்கிட்டுத்தான் போவாங்க. நீங்க என்ன, வேண்டாங்கிறீங்க?"

"வாசலுக்கு வெளிய நிக்கிறதை யாரு காவல் காக்குறது?"ன்னு மதினி கேட்டுச்சு. மேடம் சிரிச்சுட்டாங்க. மொத்தமா இழுக்கிறீங்க, பில்லுத் தேதிக்கு முன்னாடியே கட்டிடணும்னு மட்டும் சொன்னாங்க, மதினி மூணாம் நாளே கட்டிருவேன்னு கையெழுத்துப் போட்டுச்சு.

அடுத்த புதன்கிழமை கார்டு ரெண்டாவது தடவை வளர்ந்துச்சு. மூணடிக்கு ஒரு விரக்கடை கம்மி அகலம், நாலே முக்கால் அடி உயரம், பளபளன்னு நீலக்கலர். வாசல் வழியா வெளிய கொண்டுவந்து சுவத்துல சாய்ச்சதும், சந்துப் பொம்பளைக சந்தனம் குங்குமம் வச்சு, சில்லு மேல மட்டும் படாம, சூடம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்கினாக. அதுக்கப்புறம் அந்தக் கார்டு சந்துச் சொத்து மாதிரி ஆயிப்போச்சு. வெயில் நேரத்துல அதைப் படுக்கப் போட்டு அப்பளம் காய வச்சாக, கார்டு நம்பர் பதினாறும் தெரியாத மாதிரி ஒவ்வொரு நம்பர் மேலயும் கவனமா ஒரு அப்பளம். பின்பக்கத்து மூணு ரகசிய நம்பர் எலுமிச்சம்பழ அளவுல இருந்ததால, கார்டைத் திருப்புறப்ப எல்லாம் மதினி "கண்ணை மூடுங்க!"ன்னு ஒரு சத்தம் கொடுக்கும், சந்து முழுக்க, நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்திருக்கிற நாய் நீங்கலா, கண்ணை மூடிக்கும். ரேஷன் அட்டையில பேர் சேர்க்க வந்த ஆபீசரு அதையே மேசையாப் போட்டு ரெண்டு நாள் முகாம் நடத்திட்டுப் போனாரு. கனம் ஒண்ணும் இல்லை, ஒத்தை விரல்ல தூக்கலாம்.

இப்ப என் பங்குக்கு வர்றேன்.

என் பழைய ஆம்ப்ளிபயர் இருமல்காரன். 'வாழ்த்துகிறோம்'னு நான் சொன்னா அது 'கர்ர்கிறோம்'னு சொல்லும். மதுரையில ஒரு கடையில புதுசு ஒண்ணு, ஆயிரம் வாட்ஸ், பதினெட்டாயிரம் ரூவா, பார்த்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. மதினி வீட்டு வாசல்ல அந்தக் கார்டு அம்மாம் பெருசா, காத்துல லேசா ஆடிக்கிட்டு, சும்மா நிக்குது.

"மதினி, சும்மாதான நிக்குது. ஒரு பதினெட்டு தேய்ச்சுக்கவா? பத்தே நாள். மாரியம்மன் பொங்கல் வாடகை வந்ததும் கொடுத்திடுறேன்."

"கல்யாணத்துக்கு வேணும் ஒச்சு."

"கல்யாணம் இன்னும் இருபத்தஞ்சு நாள் கிடக்கே மதினி! உங்க சமையலை நான் புது மைக்ல சொல்ல வேணாமா?"

மதினிக்கு இளகின மனசு. கொடுத்துருச்சு. ஆம்ப்ளிபயர் வந்த அன்னைக்கு நான் சந்துல நின்னு ஹலோ ஹலோன்னு சொன்னது ரயில்வே கேட்டு வரைக்கும் கேட்டுச்சு, அதுதான் தப்பாப் போச்சு. ஒச்சனுக்கு மட்டும் கொடுத்தியே, நாங்க என்ன ஆகாதவுகளான்னு முனியம்மா அக்கா வந்து துணி துவைக்கிற மிஷினுக்கு இருபத்தோராயிரம், ராஜாமணி போனுக்குப் பதினஞ்சாயிரம், சின்னக்காளை மகள் காலேஜுக்குப் பன்னெண்டாயிரம், கோடிவீட்டுச் சொர்ணம் மிக்சிக்கும் பேனுக்கும் பத்தாயிரம். ஒருத்தருக்குக் கொடுத்த வாயால இன்னொருத்தருக்கு இல்லைன்னு சொல்ல மதினிக்குத் தெரியலை. மொத்தம் எழுபத்தாறாயிரம். பத்து நாளும் போச்சு, பதினஞ்சு நாளும் போச்சு, மாரியம்மன் பொங்கல் வாடகையில நான் மச்சினன் வீட்டு விசேசத்துக்குச் சீர் செஞ்சுட்டேன். எவனும் ஒரு ரூவா திருப்பலை. கார்டு நூத்தம்பது கிலோவுக்கு மேல கனத்து, நின்ன இடத்துலயே ஒரு சாண் மண்ணுக்குள்ள இறங்கிருச்சு. அப்பளம் காயப்போட அதை யாராலயும் படுக்க வைக்க முடியலை. சந்துக்காரங்க அதைச் சுத்திப் போகப் பழகிட்டாங்க.

கல்யாணம் ஞாயித்துக்கிழமை. வியாழக்கிழமை மளிகை எடுத்தாகணும். திங்கக்கிழமை காலையில மதினி சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு கார்டைத் தூக்கப் பார்த்துச்சு, சௌந்தரபாண்டி அண்ணனும் வந்து ஒரு கை கொடுத்தாரு, அது அசையலை. அண்ணாச்சி கடை மிஷினோ கல்லாப்பெட்டியோட ஒயர்ல கட்டிக் கிடக்கிற பழைய மிஷின், அது இங்கிட்டு வராது. அப்படியே வந்தாலும் கார்டுல மிச்சம் ஒரு லட்சத்து இருபத்துநாலாயிரம்தான். விசயம் எப்படியோ கசிஞ்சு, வீரணன் வீட்டுப் பக்கம் நாகு மாஸ்டர் ரெண்டு தடவை சைக்கிள்ல போனதை ராஜாமணி பார்த்துட்டு வந்து சொன்னாரு.

மதினி அழுகும்னு நினைச்சேன், இல்லாட்டி வாசல்ல நின்னு எங்களை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கும்னு நினைச்சேன். கேட்டிருந்தாத் தேவலை. அது நேரா என் வீட்டுக்கு வந்து, "ஒச்சு, புதன்கிழமை காலையில மைக்செட் கட்டு. எங்க வீட்டுல விசேசம்"னுச்சு.

"என்ன விசேசம் மதினி? உங்களுக்குத்தான் காதுகுத்த பிள்ளைக இல்லையே?"

"கார்டுக்கு."

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியலைன்னா சொல்றேன். ஊருக்கெல்லாம் மொய் செஞ்சவுக, போட்டது திரும்பி வரணும்னா ஒரு விசேசம் வைப்பாக. காது குத்தணும்கிறதுகூட இல்லை, 'இல்ல விழா'ன்னு பத்திரிகை அடிச்சு, இலை போட்டு, மைக்செட் கட்டிட்டாப் போதும். வந்தவன் சாப்பிட்ட கையோட மொய்மேசைக்கு வந்தாகணும், பேரும் தொகையும் மைக்ல போகும், கடைசி மொய் வாசிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிச்சுப் போக மாட்டாக. கோர்ட்டுல ஏமாத்துறவன்கூட மொய்யில ஏமாத்த மாட்டான். மதினி முன்பணத்தைத் தொடாம, கையில இருந்த கொஞ்சக் காசுல, எங்க சந்துக்கு மட்டும் ஐம்பது இலை போட்டுச்சு, எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு, பாசிப்பருப்புப் பாயசம்.

புதன்கிழமை பந்தி முடிஞ்சுச்சு. மேசையில மஞ்சள் தடவின நோட்டு, பிள்ளையார் சுழி, வெத்தலைத் தட்டு. பக்கத்துல சௌந்தரபாண்டி அண்ணன் போனோட, வர்ற காசை அப்பப்ப பேங்குக்கு அனுப்ப. நான் புது ஆம்ப்ளிபயரைப் போட்டேன், தொண்டையைச் செருமினேன், கேட்டுச்சு ரயில்வே கேட்டு வரைக்கும்.

"வடக்குச் சந்து, மூக்கையா மனைவி முனியம்மா, துணி துவைக்கிற மிஷின் வகைக்கு, இருபத்தோராயிரத்து ஒண்ணு!"

முனியம்மா அக்கா முகம் செவந்துருச்சு, ஆனா முந்தானையில முடிஞ்சிருந்த போனை எடுத்து, ரெண்டு நாளாப் புரட்டிச் சேர்த்த காசை அண்ணன் போனுக்கு அனுப்பி வச்சுச்சு. கார்டு ஒரு குலுங்கு குலுங்கி மண்ணுல இருந்து மேல வந்துச்சு. "வடக்குச் சந்து, தையல் ராஜாமணி, போன் வகைக்கு, பதினஞ்சாயிரத்து ஒண்ணு!" இன்னும் கொஞ்சம். "வடக்குச் சந்து, பால் சின்னக்காளை, காலேஜ் வகைக்கு, பன்னெண்டாயிரத்து ஒண்ணு! கோடிவீடு சொர்ணம், மிக்சி பேன் வகைக்கு, பத்தாயிரத்து ஒண்ணு!" ஒவ்வொரு பேருக்கும் சந்து கை தட்டுச்சு, கொடுத்தவுகளும் சேர்ந்து தட்டினாக, கொடுக்கிறது ஒரு சந்தோசம்னு அப்பத்தான் ஞாபகம் வந்த மாதிரி.

நோட்டுல ஒரு பேருதான் பாக்கி. என் பேரு. என் கையில இருந்தது நானூத்தி எழுபது ரூவா.

நான் மைக்கைத் தட்டினேன். "ஹலோ, ஹலோ... கரண்டு கொஞ்சம்..."னு இழுத்தேன். கரண்டுக்கு ஒரு கேடும் இல்லை, அந்தப் பொய் அம்புட்டுத் தெளிவா, ஆயிரம் வாட்ஸ்ல, ரயில்வே கேட்டு வரைக்கும் கேட்டுச்சு. ஐம்பது பேரும் உட்கார்ந்த இடத்துல இருந்து என்னையே பார்த்தாக. கார்டு இன்னும் ரெண்டு விரக்கடை மண்ணுக்குள்ளதான் இருந்துச்சு. மதினி வந்து ஒரு டம்ளர் பாயசத்தை ஆம்ப்ளிபயர் மேல வச்சுச்சு.

"ஊதிக் குடி ஒச்சு, சூடா இருக்கு. மூணாயிரந்தான் பத்தாது, கையில இருந்ததும் இந்தப் பந்தியோட தீர்ந்துச்சு. பரவாயில்ல. காய் நறுக்க ஆள் வேணும்னு நாகு மாஸ்டர் எப்பவும் சொல்லுவாரு, ஞாயித்துக்கிழமை அங்கிட்டுப் போய்க்கிறேன்."

குத்திக்காட்டிச் சொல்லலைங்க. நிசமாவே கணக்குப் போட்டுச் சொல்லுச்சு. மொத்த ரெண்டு லட்சத்துல என் பதினெட்டு போனா மிச்சம் ஒண்ணு எம்பத்திரெண்டு, வேண்டியது ஒண்ணு எம்பத்தஞ்சு. பதினாறு வருசம் வெங்காயம் உரிச்ச அந்தப் பொம்பளை, என் வாய்க்காகத் திரும்பவும் வெங்காயம் உரிக்கப் போகுது. எனக்கு மானம் போனது பெருசாத் தெரியலை, அந்தப் பாயசம்தான் தாங்க முடியலை. நான் ஒயரைப் பிடுங்கினேன்.

"சௌந்தரண்ணே, லோடு ஆட்டோவை எடுங்க."

மதுரைக் கடைக்காரன் ஆம்ப்ளிபயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாயசக் கறையை மோந்து பார்த்து, பதினஞ்சாயிரம்தான் தருவேன்னான். மிச்சத்துக்கு ரெண்டு புனல் ஒலிபெருக்கியையும் இறக்கி வச்சேன், எங்க அப்பா காலத்துல இருந்து இருந்தது, வச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு வடக்குச் சந்துக்குத் திரும்புனா, ஒருத்தர்கூட எந்திரிச்சுப் போகலை, கடைசி மொய் வாசிக்காம எப்படிப் போவாக? நான் மேசைக்கு முன்னாடி நின்னேன். மைக் இல்லை. இடுப்புல கையை ஊன்றி, வெறும் தொண்டையில கத்தினேன்.

"வடக்குச் சந்து! மைக்செட் ஒச்சப்பன்! ஆம்ப்ளிபயர் வகைக்கு! பதினெட்டாயிரத்து ஒண்ணு!"

ரயில்வே கேட்டு வரைக்கும் கேட்கலை. ஆனா கார்டுக்குக் கேட்டுச்சு. சடக்குன்னு மண்ணை விட்டு வெளிய வந்து, அதோட நிக்காம, தரையில இருந்து ஒரு விரக்கடை உசரத்துல மிதந்துச்சு. எல்லாரும் முழிச்சோம். அப்புறம் ராஜாமணிதான் சொன்னாரு, மொய்யின்னா ஒத்தை ரூவா சேர்த்துத்தான வைக்கிறது, அஞ்சு பேரும் ஒரு ரூவா கூட வச்சுட்டோம்ல, பேங்குதான் இப்ப மதினிக்கு அஞ்சு ரூவா தரணும்னு. மதினி அன்னைக்குத்தான் சத்தம் போட்டுச் சிரிச்சுப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையில, மிதக்கிற கார்டை ஒத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, மதினி கடைவீதி வழியா நடந்துச்சு. நாங்க அம்புட்டுப் பேரும் பின்னாடி. தூக்கிவிட இல்லை, அதுக்கு ஆளே தேவையில்லை, சும்மா கூடப் போனோம். சில்லை மிஷின்ல செருகி, நம்பரை அமுக்கி, மிஷின் ரெண்டு தடவை யோசிச்சு, துண்டுச்சீட்டைத் துப்புச்சு. ஒரு லட்சத்து எம்பத்தையாயிரம். அந்த நிமிசமே கார்டு தொம்முன்னு தரையில இறங்குனதுல அண்ணாச்சி கடை வாசல்கல்லு ரெண்டாப் பிளந்துச்சு.

"இருக்கட்டும், இருக்கட்டும்"னு அண்ணாச்சி சொல்லிட்டு, அது கிளம்ப எப்படியும் ஒரு வாரம் ஆகும்னு தெரிஞ்சு, அதுமேல ஷாம்பு சரத்தைத் தொங்கவிட்டாரு.

கல்யாணத்தன்னைக்கு மண்டபத்து மைக்ல நான்தான் மொய் வாசிச்சேன். அடுப்படியில ஏழு ஆம்பளைகளும் அஞ்சு பொம்பளைகளும் மதினி கண்ணைப் பார்த்து வேலை செஞ்சாக. முதல் பந்தியில வீரணனோட சம்பந்தி சாம்பாரை ரெண்டாந்தடவை கேட்டாரு, மூணாந்தடவையும் கேட்டாரு, கேட்டுட்டு, "சமையல் யாருப்பா?"ன்னு சத்தமாவே கேட்டாரு. என் இருபத்திரெண்டு வருச மைக்ல மாமன் பேரு, மச்சான் பேரு, கட்சிக்காரர் பேரு, காணாமப்போன செருப்பு, வழிமறிச்சு நிக்கிற கார் நம்பர், எல்லாம் வாசிச்சிருக்கேன், சமைச்சவுக பேரை ஒரு தடவைகூட வாசிச்சதில்லை. மொய் நோட்டை மூடி வச்சேன்.

"பெரியோர்களே! இன்றைய விருந்து, ஆயிரத்தைநூறு இலை, சொந்தச் சரக்கு, சொந்தக் கை, வடக்குச் சந்து சௌந்தரபாண்டி மனைவி, பஞ்சவர்ணம்! பஞ்சவர்ணம்!"

பந்தி முழுக்கத் திரும்பி அடுப்படி வாசலைப் பார்த்துச்சு. மதினி கரண்டியோட அங்க வந்து நின்னுச்சு, கண்ணுல தண்ணி, வெங்காயம் ஒண்ணும் கிட்டத்துல இல்லை. எதையாவது சொல்லும்னு எல்லாரும் காத்திருந்தாக. "ஏய் ஒச்சு, பேசினது போதும், ரசம் ஆறுது"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு.

மூணாம் நாள் வீரணன் வெத்தலை பாக்கு வச்சு மொத்தத்தையும் கொடுத்தாரு, மதினி பேங்குக்குக் கட்டுறது வரைக்கும் பணத்தை வீட்டுக்கே கொண்டுபோகலை. அண்ணாச்சி ஷாம்பு சரத்தைக் கழட்டிக்கிட்டாரு. கார்டு வீட்டுக்கு வந்து வாசல்ல நிக்குது, இப்பவும் நிக்குது, யாராவது "சும்மாதான நிக்குது"ன்னு ஆரம்பிச்சா மதினி சேலைக்கரையை எடுத்து அவுக வீட்டு வாசலை அளக்க ஆரம்பிச்சிரும். நான் பழைய இருமல்கார ஆம்ப்ளிபயரை வச்சே காலந்தள்ளுறேன், மாசம் ஆயிரம் உண்டியல்ல போடுறேன்.

போன மாசம் திரும்பவும் பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துச்சு, அஞ்சு லட்சமா உயர்த்திக்கிறீங்களான்னு. மதினி அப்ப ஒரே முகூர்த்தத்துல மூணு கல்யாணம் பிடிச்சிருந்துச்சு. போனை மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் வாசலையே பார்த்துச்சு, அப்புறம் இப்ப வேணாம்னு அமுக்கிருச்சு. நேத்து காலையில கொத்தனார் வந்து, நிலையைத் தட்டிப் பார்த்து, சுவத்துல ரெண்டு பக்கமும் கரிக்கோடு போட்டு, அஞ்சடிக்கு வாசல் எடுக்க எம்புட்டுச் செங்கல் ஆகும்னு மதினிகிட்ட சொல்லிட்டுப் போனாரு.